வாய் வார்த்தையைப் பற்றி: சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளிப் பெற்றோர் கூட்டம், பெண்கள் ஐக்கியம், வீட்டு ஜெபக் கூட்டம் என்று எங்கே போனாலும் பேச்சைப் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதானே. நான் போதகர் இல்லை, ஞாயிறு பள்ளி டீச்சர். அந்த அளவுக்குள் வைத்துப் படியுங்கள்.

1. "பேச்சுல என்ன இருக்கு? மனசு சுத்தமா இருந்தாப் போதாதா?"

இயேசு இந்த இரண்டையும் பிரிக்கவே இல்லை. "இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" என்கிறார் (மத்தேயு 12:34). இரண்டு வசனம் தள்ளி, மனுஷர் பேசும் வீணான வார்த்தைகள் யாவையும் குறித்து நியாயத்தீர்ப்பு நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். "எனக்கு வாய்தான் கொஞ்சம் முன்னப்பின்ன, மனசு தங்கம்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. கூட இருக்கிறவர்களுக்கு அந்தத் தங்கம் கண்ணில் படுவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது வாய் மட்டும்தான்.

ஒரே ஒரு பதில் ஒரு ராஜ்யத்தை உடைத்த கதை 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சாலொமோன் இறந்தபின் ஜனங்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் வந்து, நுகத்தைக் கொஞ்சம் லேசாக்கும் என்று கேட்டார்கள். நல்வார்த்தை சொல்லி அனுப்பு, என்றைக்கும் உனக்கு ஊழியராக இருப்பார்கள் என்று முதியோர் யோசனை சொன்னார்கள். அவனோ கூட வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டு, என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் எழுந்து போய்விட்டன.

2. "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்னு வசனம் இருக்கே. அப்போ நான் வாயைத் திறந்து சொன்னா அது நடந்துடுமா?"

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நீதிமொழிகள் 18:21 வீட்டிலும் சந்தையிலும் வழக்கு மன்றத்திலும் மனிதர் மனிதரோடு பேசுவதைப் பற்றிய புத்தகத்தில் வருகிறது. "உண்டாகக்கடவது" என்று சொல்லி ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கினவர் தேவன். நம் சொல் அப்படி வேலை செய்வதில்லை. அது ஒருவர் காதில் விழுந்து, மனதில் தங்கி, அவர் எடுக்கும் முடிவுகள் வழியாக வேலை செய்கிறது. அதுவே போதுமான அளவு பயங்கரம்.

கானான் தேசத்தைப் பார்த்துவர மோசே அனுப்பின பன்னிரண்டு வேவுகாரரை நினைத்துக்கொள்ளுங்கள் (எண்ணாகமம் 13, 14). எல்லாரும் பார்த்தது ஒரே தேசம். பத்துப் பேர் வந்து, நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம் என்றார்கள். அன்று ராத்திரி முழுக்க ஜனம் அழுதது. அங்கிருந்த இராட்சதர் ஒருவரும் அவர்களை இன்னும் தொட்டிருக்கவில்லை. அதற்குள்ளேயே திரும்பி எகிப்துக்குப் போவோம் என்றார்கள், 40 வருஷம் வனாந்தரத்தில் போயிற்று.

ஆகவே காய்ச்சல் இருக்கும்போது "காய்ச்சல் இருக்கு" என்று சொன்னால் விசுவாசக் குறைச்சல் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதி வைத்திருக்கிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த உடம்புக் கோளாறையும் மறைக்கவில்லை. உள்ளதைச் சொல்வதால் சாபம் வராது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லாமல் விட்டால்தான் சிக்கல்.

3. "உற்சாகப்படுத்துறதுன்னா என்ன, ஆளைப் புகழ்றதா?"

புகழ்ச்சி சொல்கிறவருக்குச் செலவே இல்லை. உற்சாகம் சொல்லச் சில சமயம் நம் பெயரையே பணயம் வைக்க வேண்டும். பர்னபாவைப் பாருங்கள். மனந்திரும்பின சவுல் (இவர்தான் பிற்பாடு பவுல்) எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துப் பயந்தார்கள். நேற்றுவரை கட்டி இழுத்துக்கொண்டு போன ஆள் அல்லவா? பர்னபாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய், இவர் வழியில் கர்த்தரைக் கண்டார், தமஸ்குவில் தைரியமாய்ப் பிரசங்கித்தார் என்று அப்போஸ்தலரிடம் எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 9:27). அந்தப் பேச்சில் புகழ்ச்சி ஒன்றுமே இல்லை. நடந்ததைச் சொன்னார், அதைச் சொல்லத் தன் நற்பெயரைக் கொடுத்தார்.

அப்புறம் மாற்கு. பாதி வழியில் ஊழியத்தை விட்டுப் போனவன். அவனை மறுபடி கூட்டிக்கொண்டு போகப் பவுல் சம்மதிக்கவில்லை. பர்னபாவோ அதற்காகப் பவுலோடேயே பிரிந்து, மாற்குவைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். வருஷங்கள் கழித்து அதே பவுல், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று எழுதுகிறார். நடுவில் பர்னபா மாற்குவிடம் என்ன பேசினார் என்று வேதத்தில் ஒரு வரி கூட இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

4. "இதைத்தானே திருக்குறளும் சொல்லுது? பைபிள்ல புதுசா என்ன இருக்கு?"

சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது. தீயினால் சுட்ட புண் ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்பதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் முரண்பட ஒன்றுமில்லை. யாக்கோபு கூடுதலாக ஒரு காரணம் வைக்கிறார்: எதிரில் நிற்கிற மனுஷர் தேவனுடைய சாயலின்படி உண்டாக்கப்பட்டவர். பிதாவைத் துதிக்கிற அதே நாவால் அவரைச் சபிக்கிறோம், "இப்படியிருக்கலாகாது" (யாக்கோபு 3:9, 10). ஆராதனையில் கை தூக்கிப் பாடிவிட்டு, வெளியே வந்து பைக் எடுக்க வழி விடாதவரைத் திட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறார்.

5. "பிள்ளைங்களைத் திட்டாம எப்படி வளர்க்க முடியும்? எங்கப்பா திட்டித்தானே நாங்க ஆளானோம்?"

கண்டிக்கக் கூடாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. எல்லையை மட்டும் காட்டுகிறது: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" (கொலோசெயர் 3:21). பிள்ளை தப்பை விடுகிறதா, இல்லை முயற்சியையே விடுகிறதா என்று பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். திட்டு வாங்கி ஆளானவர்கள் சொல்லும் சாட்சி நமக்குக் கேட்கிறது. ஆளாகாமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் மார்க் தெரிந்ததும் வாயில் வரும் முதல் வாக்கியம்தான் பல வருஷம் நிற்கும். "உருப்படமாட்டே", "மாடு மேய்க்கத்தான் லாயக்கு", "சித்தப்பா பையனைப் பாரு" என்பதெல்லாம் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை, ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதுகின்றன. "கணக்குல இவ்வளவு குறைஞ்சிருக்கே, எங்கே தடுமாறினே? சாப்பிட்டுட்டு உட்கார்ந்து பார்ப்போம்" என்றாலும் கண்டிப்பு கண்டிப்புதான். அந்த நிமிஷம் அப்படிப் பேச வராது என்றால், "அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து போய்விடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே மட்டம் தட்டுவது புதிதும் அல்ல. கோலியாத் நின்ற போர்க்களத்துக்கு அண்ணன்மாருக்குச் சாப்பாடு கொண்டு வந்த தாவீதைப் பார்த்து மூத்தவன் எலியாப் கேட்டது, அந்தக் கொஞ்ச ஆடுகளை யார் வசத்தில் விட்டாய் என்பது (1 சாமுவேல் 17:28). அந்தக் "கொஞ்ச" என்பதில்தான் குத்தல். தாவீது திரும்பி வேறொருவனிடம் பேசப் போய்விட்டான். எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தெம்பு இருக்காது.

இன்னொன்று. "பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு குட்டிப் பையன் ஜெபம் முடிந்தும் கண்ணை இறுக மூடியபடியே இருந்தான். கேட்டால் காரணம் இதுதான். பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்தவரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டும், அதற்கு முன்னால் இந்தப் பயத்தை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

6. "எங்கம்மா கோபத்துல 'நீ நல்லாவே இருக்கமாட்டே'ன்னு சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு கஷ்டம். அந்தச் சாபம்தான் பலிக்குதா?"

இல்லை. "அடைக்கலான் குருவி அலைந்துபோவதுபோலும், தகைவிலான் குருவி பறந்துபோவதுபோலும், காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது" (நீதிமொழிகள் 26:2). இஸ்ரவேலைச் சபிக்கக் கூலி கொடுத்துக் கூட்டிவந்த பிலேயாமே, தேவன் சபிக்காதவனை நான் சபிப்பதெப்படி என்று கை விரித்தான். உங்கள் கஷ்டங்களுக்கு வேறு காரணங்கள் இருக்கும்: கடன், குடி, வேலையின்மை, குணம் ஒத்துப்போகாதது. அவற்றை நேராகப் பார்க்க விடாமல் இந்தச் சாபக் கணக்கு தடுத்துவிடுகிறது. சாபத்தை முறிக்கிறேன் என்று காணிக்கை கேட்கிறவர்களிடம் போகாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வலி வேறு விஷயம். அம்மா சொன்னது மந்திரமாய்ப் பலிக்காது, ஆனால் காயமாய் இருக்கும். யாபேசுக்கு அவன் தாய், துக்கத்தோடே பெற்றேன் என்று சொல்லி அந்தப் பெயரையே வைத்தாள். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிட்டிருப்பார்கள். அவன் தேவனிடம் நேராகப் போய், தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு விலக்கும் என்று கேட்டான்; கேட்டதைத் தேவன் அருளினார் (1 நாளாகமம் 4:9, 10). ராகேல் சாகும்போது பெனோனி (என் துக்கத்தின் மகன்) என்று பெயர் வைத்த குழந்தையை அவள் புருஷன் யாக்கோபு பென்யமீன் (வலது கையின் மகன்) என்று மாற்றிக் கூப்பிட்டதும் உண்டு. அம்மா உயிரோடு இருந்தால், அந்த நாளைப் பற்றி ஒரு தடவை அவரிடமே பேசிப் பாருங்கள். பல அம்மாக்களுக்குச் சொன்னது ஞாபகமே இருக்காது.

7. "அப்படின்னா ஈசாக்கு யாக்கோபுக்குக் கொடுத்த ஆசீர்வாதத்தை ஏன் திரும்ப எடுக்க முடியலை? சொல்லுக்குத் தனி சக்தி இருக்குன்னுதானே அர்த்தம்?"

நல்ல மடக்கு. ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே, மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்று கர்த்தர் தாய் ரெபெக்காளிடம் சொல்லியிருந்தார் (ஆதியாகமம் 25:23). மூத்தவன் ஏசா என்று நினைத்துத்தான் ஈசாக்கு இளையவன் யாக்கோபை ஆசீர்வதித்தார்; அவர் வாய் போன திசை அவர் நினைத்தது கூட அல்ல. அந்தக் கதையை வைத்து எல்லாத் தகப்பன் வாய்ச்சொல்லுக்கும் விதி எழுத முடியாது. இரண்டாம் பதிலில் சொன்னதுதான் இங்கேயும்.

8. "குழந்தை இல்லாதவங்ககிட்ட 'ஏதும் விசேஷம் உண்டா'ன்னு கேட்கிறது தப்பா? அக்கறையிலதானே கேட்கிறோம்?"

அக்கறை என்றால் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அன்னாளின் கதையில் (1 சாமுவேல் 1) நாம் செய்கிற எல்லாத் தவறும் வரிசையாக இருக்கிறது. பிள்ளை பெற்ற சக்களத்தி பெனின்னாள் வருஷா வருஷம், அதுவும் ஆலயத்துக்குப் போகிற சமயம் பார்த்து, மனமடிவாகும்படி பேசுகிறாள். புருஷன் எல்க்கானா நல்லவன்தான், ஆனால் பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகமல்லவா என்று கேட்டு அவள் துக்கத்தைத் தன்னைப் பற்றியதாக்கிவிடுகிறான். ஏலி ஆசாரியனோ அவள் உதடு அசைவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அதற்கு அவள், நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ என்று பதில் சொன்னாள். ஏலி தன் தவறை விட்டுவிட்டு, "சமாதானத்துடன் போ" என்று ஆசீர்வதித்தார். அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." சாமுவேல் பிறக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அதற்குள் முகம் மாறிவிட்டது. நான் வகுப்பெடுக்கும்போது இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். ஒரே வாய், சில நிமிஷ இடைவெளியில் இரண்டையும் செய்திருக்கிறது.

9. "துக்க வீட்டுக்குப் போனா என்ன பேசுறதுன்னே தெரியலை. வசனம் சொல்லலாமா?"

முதலில் உட்காருங்கள். யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் ராவும் பகலும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள்.

"ஆண்டவருக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்" என்பதைப் பிள்ளையை இழந்த தாயிடம் சொல்லாதீர்கள். எனக்கு என் பிள்ளை மேல் பிரியம் இல்லையா என்றுதான் அவள் காதில் விழும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது உண்மையான வசனம், ஆனால் அதைச் சொன்னது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. துக்கப்பட்டவர் தானாகச் சொல்லும்போது அது விசுவாசம். பந்தலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிற நாம் அதை அவர் வாயில் திணிக்கக் கூடாது. "எல்லாம் நன்மைக்கே"வும் அப்படித்தான்.

பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரிக்கமாட்டான் (யோவான் 11:21, 32). மார்த்தாளிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாள் அழுதபோது அவளுக்கு உபதேசம் ஒன்றும் சொல்லவில்லை, கூட அழுதார். யாருக்குப் பேச்சு வேண்டும், யாருக்குக் கண்ணீர் வேண்டும் என்று பார்த்திருக்கிறார். நமக்கு அது தெரியாவிட்டால், இறந்தவரைப் பற்றி நமக்கு ஞாபகம் இருக்கிற ஒரு விஷயத்தைப் பெயரோடு சொல்லலாம். "அண்ணன் போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டு ஸ்டாரைக் கட்டிக் கொடுத்தாங்க" என்றால் போதும். கூட்டம் கலைந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு இன்னொரு தடவை போங்கள்.

10. "டிப்ரஷன்ல இருக்கிற ஃப்ரெண்டுக்குத் தினமும் காலையில வாட்ஸ்அப்ல வசனம் அனுப்புறேன். வேற என்ன செய்யலாம்?"

அதிகாலையில் எழுந்து உரத்த சத்தத்தோடு சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. பூப்படம் போட்ட காலை வணக்கங்களை சாலொமோன் முன்கூட்டியே பார்த்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும். வசனம் அனுப்புவது தப்பில்லை. ஐம்பது பேருக்கு அனுப்பியதில் ஒன்று தனக்கும் வந்தது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். "நேத்து நீ சொன்ன இன்டர்வியூ என்ன ஆச்சு?" என்று அவருக்கு மட்டும் எழுதிய ஒரு வரி வேறு மாதிரி போய்ச் சேரும்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது வந்த தூதன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான் (1 இராஜாக்கள் 19). தர்க்கம் எல்லாம் பிற்பாடு ஓரேப் மலையில்தான்.

சாக வேண்டும் என்று நண்பர் சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், "அப்படிப் பேசுறது பாவம்" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். தனியே விடாமல் கூட இருங்கள், மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இந்தியாவில் எங்கிருந்தும் இலவசமாகப் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவருக்கும் இரண்டாம் பதிலைக் காட்டுங்கள்.

11. "சபையில ஒருத்தர் தப்பு பண்றார். சொன்னா மனசு நோகும். சொல்லாம இருக்கிறதுதானே அன்பு?"

"சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்" (நீதிமொழிகள் 27:6). சொல்ல வேண்டும்தான். யாரிடம் என்பதில்தான் நாம் தவறுகிறோம். மத்தேயு 18:15 தனித்திருக்கையில் அவரிடமே சொல்லச் சொல்கிறது. நாம் அவரைத் தவிர எல்லாரிடமும் சொல்கிறோம், அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயரும் வைத்துவிடுகிறோம். "ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன் சிஸ்டர்" என்று ஆரம்பிக்கும் பேச்சில் ஜெபம் கடைசி அரை நிமிஷம் வந்தால் அதிகம்.

பிரசங்க பீடத்திலிருந்து பெயர் சொல்லாமல் குத்திப் பேசுவதும் இந்த வகைதான். சபை முழுவதற்கும் யாரென்று தெரியும், பதில் சொல்ல அவருக்கு மட்டும் வழி இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நேராகப் போய் ஒரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். ராஜாவே தன் வாயால் தீர்ப்புச் சொல்லும்வரை விட்டுவிட்டு, "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் கண்டிக்கும் வேலையை இன்னொருவரிடம் விட்டுவிடலாம்.

12. "ஏற்கெனவே சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். இப்போ என்ன பண்றது?"

போய் மன்னிப்புக் கேளுங்கள். பலிபீடத்தின் முன்னே காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்பதுதான் ஒழுங்கு (மத்தேயு 5:24). நம் வீடுகளில் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதில்லை, இரண்டு மணி நேரம் கழித்து "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு சரி. பிள்ளைகளுக்கும் அது புரியும், மறுக்கவில்லை. ஆனால் "உருப்படமாட்டே" என்று வாய்விட்டுச் சொன்னதை வாய்விட்டே திருத்த வேண்டும். "அப்பா சொன்னது தப்பு" என்ற மூன்று வார்த்தை போதும். "ஆனா நீ அப்படிப் பண்ணினதாலதான்" என்று நாலாவதைச் சேர்த்தால் எல்லாம் வீண்.

மறுபடி வாய் தவறும். நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாது என்று யாக்கோபே ஒத்துக்கொள்கிறார். அதனால்தான் சங்கீதக்காரன், "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்று கேட்டான் (சங்கீதம் 141:3). ஜெபத்தோடு, எந்த நேரத்தில் வாய் அதிகம் தவறுகிறது என்றும் பாருங்கள். பலருக்கு அது பசியோடு வேலையிலிருந்து வரும் சாயங்காலம்.

13. "எல்லாருக்கும் நான்தான் ஆறுதல் சொல்றேன். எனக்கு யார் சொல்வா?"

போதகர்களின் மனைவிமார் இதை அதிகம் கேட்கிறார்கள். சிக்லாக் ஊரில் தாவீதின் ஆட்களே அவனைக் கல்லெறிய வேண்டும் என்று பேசினபோது, அவன் கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான் என்று இருக்கிறது (1 சாமுவேல் 30:6). அப்படி ஒரு நாள் எல்லாருக்கும் வரும். ஆனால் எப்போதும் அப்படியே சமாளிக்கச் சொல்லி அந்த வசனத்தை யாரும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. அதே தாவீதுக்காக அவன் சிநேகிதன் யோனத்தான் காட்டுக்கே நடந்து போய் அவன் கையைத் திடப்படுத்தியிருக்கிறான்.

வேண்டுமென்றால் கேளுங்கள். பவுல் கேட்டார். முதல் விசாரணையில் ஒருவரும் கூட நிற்கவில்லை என்று எழுதுகிற அதே கடிதத்தில், சீக்கிரம் வா, மாற்குவைக் கூட்டி வா, துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்று தீமோத்தேயுவிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். "யாராவது புரிஞ்சுக்குவாங்க" என்று காத்திருக்காமல், ஒருவருடைய பெயரை முடிவு செய்து, "இந்த வாரம் ஒரு மணி நேரம் என்கூடப் பேச முடியுமா?" என்று போன் போடுங்கள்.